31ஆம் நாளுக்கு முன் தொடக்கூடாத பொத்தான்

கல்வெட்டு என்றால் வன்னியில் கல்லில் வெட்டியது மட்டும் அல்ல. ஒருவர் இறந்த 31ஆம் நாள், அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கும் அதுதான் பெயர். முன்னட்டையில் இறந்தவரின் படம். உள்ளே திதி வெண்பா, தேவாரம், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், வம்ச வரிசை, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். கிளிநொச்சியில் ஒரு சிறிய அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பது என் வேலை. திருமண அழைப்பிதழ் ஒரு நாள் பிந்தினால் முகம் சுளிப்பார்கள். கோயில் நோட்டீஸ் பிந்தினால் ஏச்சு விழும். கல்வெட்டு பிந்தவே முடியாது, ஏனென்றால் 31ஆம் நாளை ஒத்திவைக்க யாராலும் முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படி ஒரு கல்வெட்டு கையில் இருந்தது. 32 பக்கம், புதன் பின்னேரம் கொடுத்தாக வேண்டும். முந்திய ஞாயிறு கடை பூட்டு. நெடுநாளாகத் தள்ளிப்போட்ட ஒரு வேலையை அன்று முடித்துவிடுவோம் என்று, கணினியை ஓட்டும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தின் பழைய 32-பிட் பதிப்பை அழித்துப் புதிய 64-பிட் பதிப்பைப் போட்டோம். கணினி ஒரே தடவையில் கையாளும் தரவின் அளவைத்தான் பிட் என்று சொல்கிறோம். வேலைக் கோப்புகள் ஹார்ட் டிஸ்க்கின் வேறு பகுதியில் இருந்தன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கணினி முன்னைவிட விரைவாக எழும்பியது. மனம் நிறைந்துதான் வீட்டுக்குப் போனேன்.

திங்கள் காலை கோப்பைத் திறந்தேன். தேவாரம் இருக்க வேண்டிய பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. பாமினி எழுத்துரு பழைய இயங்குதளத்தோடு போய்விட்டது. பாமினி எந்தத் தட்டச்சுக் கடையிலும் கிடைக்கும் என்று பென்ட்ரைவில் வாங்கி வந்து போட்டேன். தமிழ் வந்தது. ஆனால் வாங்கி வந்த பாமினிக்கும் முன்பிருந்த பாமினிக்கும் எழுத்தின் அகலம் ஒன்றாக இல்லை. வரிகள் உடைந்து இறங்கின. மக்கள் புலம்பலின் கடைசி விருத்தம் அடுத்த பக்கத்துக்கு ஓடியது. 32 பக்கம் 34 ஆனது. ஒவ்வொரு பக்கமாக அதைச் சரிக்கட்டி அச்சுக்குக் கொடுத்தால், லேசர் பிரிண்டரைக் கணினிக்கு அடையாளம் தெரியவில்லை. கணினியையும் பிரிண்டரையும் பேசவைக்கும் சிறு மென்பொருளான ட்ரைவர், அந்தப் பிரிண்டருக்கு 64-பிட்டில் இல்லவே இல்லை என்பது உறுதியாகத் தெரிவதற்குள் செவ்வாய் மதியம் ஆகிவிட்டது.

அன்று பின்னேரம் இறந்தவரின் மூத்த மகள் கடைக்கு வந்தார். “தம்பி, ஐயர் வியாழன் விடியவே வந்துவிடுவார். முதல் நாளே புத்தகம் வீட்டில் இருக்க வேண்டும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அப்பாவின் படம் கவனம்தானே? அது ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது” என்று கேட்டார். அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த படம் அது. வீட்டு அல்பங்கள் எல்லாம் 2009இல் இடம்பெயர்ந்த வழியில் போய்விட்டன.

பரந்தனில் நண்பர் ஒருவரின் கடையில், இயங்குதளம் மாற்றாத கணினியில் இரவிரவாக இருந்து புத்தகத்தை முடித்துக் கொடுத்தோம். அந்த மூன்று நாளில் பட்டுத் தெரிந்துகொண்டதையும் அதன் பின் தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன். மல்லாவியிலும் மாங்குளத்திலும் புதுக்குடியிருப்பிலும் ஒரே ஒரு கணினியை வைத்துக் கடை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது தேவைப்படும்.

இரணைமடுக் குளத்தில் கதவு திறந்த அன்றே கடைக்கோடி வயலுக்குத் தண்ணீர் வந்துவிடாது. பெரிய வாய்க்கால், கிளை வாய்க்கால், வயல் வாய்க்கால் என்று இறங்கி வர வேண்டும். வழியில் ஓரிடத்தில் அடைப்பு இருந்தால் அதற்குக் கீழே உள்ள வயல் காயும். புதிய இயங்குதளம் வெளிவருவதும் அப்படித்தான். மைக்ரோசொஃப்டோ அப்பிளோ கதவைத் திறக்கிறது. அதற்குப் பிறகு வடிவமைப்பு மென்பொருளைச் செய்கிறவர் தன் பொருளைச் சோதித்துத் திருத்த வேண்டும். பிரிண்டர் நிறுவனம் ட்ரைவர் எழுத வேண்டும். பிளெக்ஸ் பனர் அடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றிக் கொடுக்கும் ரிப் மென்பொருளும், ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்தின் மென்பொருளும், ஸ்கேனரும் ஒவ்வொன்றாக வந்து சேர வேண்டும். இவற்றை ஆளுக்கொரு நிறுவனம் செய்கிறது. ஒருவர் மற்றவருக்காகக் காத்திருப்பதில்லை. சிலர் சில வாரத்தில் வருவார்கள், சிலர் பல மாதத்தில். எங்கள் பிரிண்டரைப் போலச் சில பொருள்களுக்கு அந்தத் தண்ணீர் ஒருநாளும் வராது.

ஒரு மென்பொருள் குறிப்பிட்ட இயங்குதளத்தை ஆதரிக்கிறது என்றால், செய்தவர்கள் அதில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள், பிழை வந்தால் திருத்தித் தருவார்கள் என்று பொருள். ஆதரவு இல்லை என்றால் ஓடவே ஓடாது என்று பொருளில்லை. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான, 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7, விண்டோஸ் 10இல் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆபத்தே இதில்தான் இருக்கிறது. முற்றாக ஓடாவிட்டால் அன்றே தெரிந்துவிடும், திரும்பிவிடுவோம். முக்கால்வாசி ஓடினால் சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பி வேலையைத் தொடங்கிவிடுவோம். மீதிக் கால்வாசி, புத்தகம் அச்சுக்குப் போகிற இரவில் வெளிப்படும்.

இதில் பெரிய இயங்குதளங்களின் வரலாறே சாட்சி. அப்பிள் 7 ஒக்டோபர் 2019இல் மக்ஓஎஸ் கற்றலினாவை வெளியிட்டது. அதில் 32-பிட் செயலி எதுவும் ஓடாது. முந்திய ஆண்டே அறிவித்துவிட்டுத்தான் செய்தார்கள். ஆனால் மாதச் சந்தா கட்ட விரும்பாமல், ஒரு தடவை காசு கொடுத்து வாங்கிய அடோபி சி.எஸ்.6 தொகுதியை 2012 முதல் வைத்திருந்தவர்கள் உலகம் முழுவதும் இருந்தார்கள். அந்தத் தொகுதியில் பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் 32-பிட். ஃபோட்டோஷொப் 64-பிட்டாக இருந்தும், அதை நிறுவுகிற பகுதியும் உரிமம் பார்க்கிற பகுதியும் 32-பிட். அப்டேட் பொத்தானை அழுத்தியவர்கள் காசு கொடுத்து வாங்கிய பொருளை ஒரே நாளில் இழந்தார்கள். 2011இல் வந்த லயன் பதிப்பும் இதே வேலையைச் செய்தது. பவர்பிசி என்ற பழைய புரொசெசருக்கு எழுதிய மென்பொருள்களை ஓட்ட உதவிய ரொசெற்றாவை அது நீக்கியபோது, பல அச்சகங்கள் நம்பியிருந்த ஃப்ரீஹாண்ட் என்ற வரைகலை மென்பொருள் நின்றுபோனது. வன்னியில் மக் கணினி குறைவு. ஆனாலும் லண்டனிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ விடுமுறைக்கு வருகிற உறவினர் கொண்டுவந்து கொடுக்கும் மக்புக்கில் வேலை பழகும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். மக்கில் பழைய பதிப்புக்குத் திரும்புவதென்றால் ஹார்ட் டிஸ்க்கை வெறுமையாக்கிவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

விண்டோஸ் பக்கத்தில் அடி வேறு இடத்தில் விழும். 64-பிட் விண்டோஸ் 32-பிட் மென்பொருளை ஓட்டும், ஆனால் 32-பிட் ட்ரைவரை ஏற்காது. 16-பிட் செயலியை ஓட்டவே ஓட்டாது. விண்டோஸ் 11இல் 32-பிட் பதிப்பே கிடையாது. எனவே திரையில் எல்லாம் திறக்கும், கடதாசியில் ஒன்றும் விழாது. பனர் அடிக்கிற கடைகளுக்கு இது இன்னும் கூர்மையாக வரும். அந்த இயந்திரத்தை ஓட்டும் ரிப் மென்பொருள்களில் பல, யு.எஸ்.பி. பூட்டு ஒன்றைச் செருகினால்தான் திறக்கும். அந்தப் பூட்டுக்கும் ஒரு ட்ரைவர் தேவை. இயங்குதளம் மாறி அந்தச் சிறு ட்ரைவர் ஏறாமல் போனால், இலட்சக் கணக்கில் விலை கொடுத்த இயந்திரம் பேசாமல் நிற்கும். இயந்திரத்தில் ஒரு பழுதும் இருக்காது.

தமிழ் எழுத்துருவைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்கிறவருக்கு இல்லாத துன்பம் இது.

பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திய எழுத்துரு. “தமிழ்” என்ற சொல் கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே இருக்கிறது. எழுத்துரு போய்விட்டால் அந்த ஐந்தும் வெறுமையாக நிற்கும். உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் தனி எண் கொடுக்கும் பொதுமுறையான யூனிகோட் அப்படியல்ல. அதில் த என்றால் தகரமே. 1991 முதல் தமிழுக்கு அங்கே இடம் இருக்கிறது. விண்டோஸ் 2000, லதா எழுத்துருவோடு தமிழை ஏற்றுக்கொண்டது. ஆனால் யூனிகோடில் “பெ” என்பது முதலில் பகரம், அடுத்துக் கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை எடுத்துப் பகரத்துக்கு முன்னால் வைப்பது மென்பொருளின் பொறுப்பு. பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது. பழைய ஃபோட்டோஷொப்பும் இலஸ்ட்ரேட்டரும் எழுத்தை ஒழுங்குபடுத்தத் தங்கள் சொந்தப் பொறியையே பயன்படுத்துகின்றன, விண்டோஸின் பொறியை அல்ல. ஆகவே “புதிய விண்டோஸ் போட்டால் ஃபோட்டோஷொப்பில் தமிழ் சரியாக வரும்” என்று பலர் நம்புவது தவறு. கொம்பு இடம் மாறி நிற்கிற பழைய ஃபோட்டோஷொப், எந்த விண்டோஸிலும் அப்படியேதான் நிற்கும். இந்த ஒரு நம்பிக்கையில் கணினியை மாற்றிவிட்டுப் பிரிண்டரையும் இழந்து தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

அதே லதாவையே எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10இல் லதாவும் விஜயாவும் இயல்பாக வருவதில்லை; தமிழ் துணை எழுத்துருக்கள் என்ற விருப்பத் தொகுதியில் தனியாக எடுத்துப் போட வேண்டும். இது தெரியாமல் பாடசாலை விளையாட்டுப் போட்டிச் சான்றிதழை லதாவில் வடிவமைத்து வைத்திருந்தவர், புதிய கணினியில் அதைத் திறந்ததும் பெயர்கள் கட்டத்தை விட்டு வெளியே நிற்பதைக் காண்பார். அடோபியின் மென்பொருள்கள் 2023 ஜனவரியோடு டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களைக் கைவிட்டதும் இந்த வரிசையில் சேர்வதே. பழைய சிடிகளில் அந்த வகை எழுத்துரு வைத்திருப்பவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோப்பு எங்கே போகிறது என்பதும் முக்கியம். எங்கள் கடையில் முடிந்த பக்கம் சில வேளை யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அச்சுப் பிளேட் எடுக்கப் போகும். புதிய இயங்குதளம் வந்தால் வரைகலை மென்பொருளான கோரல் ட்ரோவும் புதிதாகத் தேவைப்படும். புதிய கோரலில் சேமித்த கோப்பை, பிளேட் எடுப்பவரின் பழைய கோரல் திறக்காது. சேமிக்கும்போது பழைய பதிப்பைத் தெரிவு செய்யலாம். இன்டிசைனில் என்றால் பழைய பதிப்பும் திறக்கக்கூடிய ஐ.டி.எம்.எல். வடிவில் வெளியே எடுக்கலாம். ஆனால் அவசரத்தில் மறந்துவிடும். ஒரு கடை தன் கணினியை மாற்றும்போது, தன்னோடு கோப்புப் பரிமாறுகிற எல்லாக் கடைகளையும் சேர்த்தே மாற்றுகிறது. அதை அவர்களிடம் முன்கூட்டிச் சொல்வதுகூட இல்லை.

உரிமம் இல்லாத பிரதிகளைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மையாகாது. இங்கே பல கடைகளில் இருப்பது அதுதான். அந்தக் கடைகளுக்கு ஆதரவு என்ற சொல்லுக்கே இடமில்லை. இயங்குதளம் மாறியதும் பூட்டு உடைத்த கோப்பை விண்டோஸின் பாதுகாப்பு எடுத்து ஒதுக்கும். முறையிட ஓர் இடமும் இருக்காது. 2022இல் டொலர் சில மாதங்களுக்குள் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறிய நாட்டில், மாதச் சந்தாவை டொலரில் கட்டு என்று சிறு கடைக்காரரிடம் சொல்வது எளிதல்ல. படம் வரைகிற இங்க்ஸ்கேப், பக்கம் வடிவமைக்கிற ஸ்கிரைபஸ் ஆகியவை இலவசம். இங்க்ஸ்கேப் யூனிகோட் தமிழை ஒழுங்காகக் காட்டும். 2024இன் முதல் நாள் வெளியான ஸ்கிரைபஸ் 1.6 பதிப்பும் அப்படியே. புதிதாகக் கடை தொடங்கும் இளையவர்கள் இவற்றில் கைபழகினால், பாதி அச்சம் அவர்களுக்கு வராது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இவ்வளவும் சொன்னதால், அப்டேட்டே செய்யாதீர்கள் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். அது வேறொரு குழி. கடைக்கு நாளொன்றுக்கு பத்துப் பென்ட்ரைவாவது வருகிறது, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மாதாந்தப் பாதுகாப்புத் திருத்தத்தையும், இயங்குதளத்தின் பதிப்பையே மாற்றுவதையும் வேறு வேறாகப் பார்க்க வேண்டும். முதலாவது தேவை. ஆனால் அதைக்கூட வந்த அன்றே ஏற்க வேண்டியதில்லை. 9 மார்ச் 2021இல் வந்த விண்டோஸ் 10 திருத்தம் ஒன்று, கியோசெரா, ரிக்கோ, ஸெப்ரா பிரிண்டர்கள் சிலவற்றுக்கு அச்சுக் கட்டளை கொடுத்தவுடன் கணினியை நீலத் திரையில் நிறுத்தியது. மாற்றுத் திருத்தம் வர ஏறக்குறைய ஒரு வாரம் எடுத்தது. விண்டோஸ் அப்டேட்டை 5 வாரம் வரை நிறுத்திவைக்கும் வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது. ஒரு வாரம், இரண்டு வாரம் பொறுத்து ஏற்றுக்கொள்வதால் பெரிய இழப்பு இல்லை.

இரண்டாவது வகைக்குக் குறைந்தது சில மாதம் காத்திருக்க வேண்டும். 2 ஒக்டோபர் 2018இல் வெளியான விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு இதற்கு ஒரு கொடிய பாடம். ஆவணம், படம் ஆகிய கோப்புறைகளை வேறு இடத்துக்கு மாற்றிவைத்திருந்த சிலருக்கு, பழைய இடத்தில் எஞ்சியிருந்த கோப்புகளை அது அழித்துவிட்டது. சில நாளிலேயே மைக்ரோசொஃப்ட் அதைத் திரும்பப் பெற்று, நவம்பர் 13இல்தான் மறுபடி வெளியிட்டது. அந்த ஆறு வாரம் பொறுத்திருந்தவருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

14 ஒக்டோபர் 2025உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததுதான் இப்போது எல்லோரையும் பிடித்துத் தள்ளுகிறது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத புரொசெசரும் தேவை. எங்கள் பக்கத்துக் கடைகளில் உள்ள கணினிகளில் பாதிக்கு மேல் அதற்கு முந்தியவை என்றே என் கண்ணுக்குப் படுகிறது. சிலர் அந்தச் சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் 11ஐப் போட்டுக் கொடுக்கிறார்கள். அப்படிப் போட்ட கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்ற உறுதியை மைக்ரோசொஃப்ட் தரவில்லை. பிழைப்புக்கான கணினியில் அதைச் செய்ய வேண்டாம். விண்டோஸ் 10க்கே 13 ஒக்டோபர் 2026 வரை நீட்டித்த பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பதிந்துகொள்ள வழி வைத்திருக்கிறார்கள். 30 டொலர் கட்டலாம். மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அங்கே சேமிக்க விட்டால் காசில்லாமலும் கிடைக்கும். பயந்து ஓடாமல் ஒழுங்காக மாறுவதற்குக் கிடைத்த அவகாசம் அது.

மாறுகிற நாளைத் தெரிவு செய்வதும் தொழில் அறிவுதான். வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலும், மடு மாதாவின் யூலை, ஓகஸ்ட் திருவிழாக்களும் வருகிற வாரங்களில் கணினியைத் தொடவே கூடாது. மாரியில் இடியும் மின்தடையும் அதிகம். புதிய பதிப்பு ஏறும்போது கணினி பல தடவை அணைந்து எழும்பும். நடுவில் மின்சாரம் போனால் எழும்பாமலே போகலாம். யு.பி.எஸ். இல்லாமல் தொடங்க வேண்டாம். முடியுமானால் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அப்படியே பத்திரமாக வைத்துவிட்டு, வேறொன்றை வாங்கி அதில் புதியதைப் போடுங்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் பூட்டும் ஒரு சின்ன எஸ்.எஸ்.டி.யின் விலை, ஒரு கல்வெட்டு வேலையில் நிற்கும் இலாபத்தைவிடக் குறைவு. பிழைத்தால் பழையதைத் திரும்பப் பூட்ட பத்து நிமிடம் போதும். இருக்கிற கணினியின் மேலேயே தரமுயர்த்தினால், பழைய பதிப்புக்குத் திரும்ப விண்டோஸ் தருவது 10 நாள்தான். ஒரு கட்டளையால் அதை 60 நாள் வரை நீட்டலாம், ஆனால் அந்த 10 நாளுக்குள்ளேயே செய்துவிட வேண்டும்.

புதியதை ஏற்றியதும், முடிந்துபோன பழைய வேலை ஒன்றை எடுத்து ஆரம்பத்திலிருந்து கடதாசி வரை ஓட்டிப் பாருங்கள். திறக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பக்கங்களின் எண்ணிக்கை அதேதானா, கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கின்றனவா, முன்பு அச்சிட்ட பிரதியின் மேல் புதியதை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் வரிக்கு வரி பொருந்துகிறதா என்று பாருங்கள். நான் கண்ணாடி யன்னலில் ஒட்டிப் பார்ப்பேன்.

இதற்கெல்லாம் அப்பால் எனக்குப் பெரிதாகப் படுகிற ஒன்று இருக்கிறது. பேஜ்மேக்கர் 6, 6.5, 7 ஆகியவற்றில் செய்த கோப்புகளை இன்டிசைன் சி.எஸ்.6 வரை திறக்கும். அதற்குப் பின் வந்த எந்தப் பதிப்பும் திறக்காது. பழைய கணினி ஒவ்வொன்றாகக் குப்பைக்குப் போகப் போக, அந்தக் கோப்புகளைத் திறக்கக்கூடிய கதவுகள் குறைந்துகொண்டே வருகின்றன. மற்ற ஊர்களில் அது வெறும் பழைய வேலை. இங்கே பல குடும்பங்களுக்கு, ஒரு தந்தையின் படமும், பாட்டனின் ஊரும் பெயரும் சொல்லும் வம்ச வரிசையும் எங்காவது ஓர் அச்சகத்தின் ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கின்றன. எனவே பழைய இயங்குதளத்தை மீண்டும் ஒரு பழைய கணினியில் போட்டு, இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, கடையின் மூலையில் வைத்திருக்கிறேன். வேலை குறைந்த நாட்களில் அதில் ஒவ்வொரு கல்வெட்டாகத் திறந்து, எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். ஆக்கி, பாமினியில் இருக்கும் வரலாற்றை யூனிகோடுக்கு மாற்றி, படத்தை முழு அளவில் தனியாக எடுத்து வைக்கிறேன். ஒரு கல்வெட்டுக்கு முக்கால் மணித்தியாலம் போகிறது. இன்னும் பாதிகூட முடியவில்லை.

அந்த மூத்த மகள் ஆண்டுத் திவசத்துக்கு வந்தபோது அந்தக் கணினியைத்தான் போட்டேன். எழும்ப நாலு நிமிடம் எடுத்தது. அவர் வாங்கில் இருந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் வந்ததும் எழுந்து கிட்ட வந்தார். அதை இரண்டு பென்ட்ரைவில் போட்டுத் தரச் சொன்னார். ஒன்று தனக்கு, மற்றது கனடாவில் இருக்கும் தம்பிக்கு.